மகாவுக்கு வேண்டிய பேஸ்

காது கேட்காதவளுக்கு ஹெட்போன் எதற்கு என்று நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஜீவனஹள்ளியில் குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்கள் முதல் கம்பெனி பஸ் டிரைவர் வரை எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். மகா யாருக்கும் பதில் சொன்னதில்லை. கேட்கிறவரின் உதட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தச் சாமர்த்தியம் அவளுக்குத் தாராளமாகவே உண்டு.

பிறவியிலேயே காது போனவள் இல்லை அவள். ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் போனால் போகிறது என்று உயிரை விட்டுவைத்துக் காதை எடுத்துக்கொண்டு போனது. அதனால் பேச்சு உண்டு. ஏற்ற இறக்கமில்லாத தட்டையான பேச்சு. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே தமிழை முழுசாகவும் கன்னடத்தைப் பாதியாகவும் பிடித்துவிடுவாள்.

காய்ச்சலுக்கு முன்னால் அவளுடைய அப்பா கோவிந்தப்பா, ரெக்கார்டிங் கடையில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் பதிந்து ஒரு கேசட் வாங்கி வந்திருந்தார். அது வீட்டில் ஓயாமல் ஓடியது. மகாவுக்கு அத்தனையும் மனப்பாடம். காது போன பிறகு புதிதாக ஒரு பாட்டும் அவளுக்குள் போகவில்லை. ஊரில் எத்தனை பாட்டு வந்தால் என்ன, அவளுடைய சொத்து அந்த ஒரு கேசட்தான்.

அந்தச் சொத்து கைக்குத் திரும்பி வந்தது தற்செயலாக. அண்ணன் ரவி லிங்கராஜபுரத்தில் டூ வீலர் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வாக்மேனை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். சும்மா ஒரு ஆசைக்கு மகா ஹெட்போனை எடுத்து மாட்டினாள். அது தலையில் நிற்காமல் சரிந்து காதுக்குப் பின்னால் எலும்பில் போய் உட்கார்ந்தது. எலும்பில் ஏதோ தட்டியது. தும், தும்தும், தும். முதலில் பயந்துதான் போனாள். அப்புறம் அந்தத் தட்டலை அடையாளம் கண்டுகொண்டாள். அப்பாவின் கேசட்டில் மூன்றாவது பாட்டு, படகுப் பாட்டு. தாளம் கிடைத்ததும் வரி வந்தது, வரியோடு ராகம் வந்தது, நடுவில் வருகிற புல்லாங்குழல்கூட வந்தது. அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்து அம்மா எல்லம்மா, ரவிதான் அடித்துவிட்டான் என்று நினைத்து அவனை ஒரு பிடி பிடித்தாள்.

தொண்ணூற்றொன்பதில் மகா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. காக்ஸ் டவுனில் கம்பெனி பஸ் ஏறினால் ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் மற்றப் பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள். மகா, ரவி கொடுத்துவிட்ட வாக்மேனை மடியில் வைத்து, ஹெட்போனைக் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். அந்த நேரம் முழுக்க அவளுக்குச் சொந்தம்.

ஒருநாள் ஹெட்போன் இரண்டு சீட்டுக்கு நடுவில் நசுங்கியது. ரவி வயரை ஈயம் வைத்து ஒட்டிப் பார்த்தான். கொஞ்சநாள் தாக்குப்பிடித்துவிட்டு அடியோடு செத்துப்போனது.

அப்புறம்தான் வந்தது வினை. பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து மனசுக்குள்ளேயே பாட்டை ஓட்டிப் பார்த்தாள். படகுப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் ஓரிடம் வழுக்கியது. அங்கே குழல் எவ்வளவு நேரம் வரும், பாடகி எப்போது எடுப்பாள்? மறுநாள் அதற்கு முந்தின வரியும் ஆட்டம் கண்டது. இருப்பதே ஒரு கேசட். அதுவும் இப்படி ஓரம் ஓரமாக உதிர்ந்து போனால் அப்புறம் அவளிடம் என்ன மிச்சம்?

"புது ஹெட்போன் வோணும். பேஸ் ஜாஸ்தியா கீறது, தும்தும்னு நல்லா தட்றது" என்றாள் ரவியிடம்.

ரவி தங்கைக்காக உயிரையும் கொடுப்பான், அதில் சந்தேகமே வேண்டாம். அன்று சாயங்காலமே லிங்கராஜபுரத்தில் தியோடர் கடைக்குக் கூட்டிப்போனான். ரேடியோ, டேப் ரெக்கார்டர் விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் தியோடரின் தொழில். நல்ல மனுஷன்தான். ஆனால் மேலுதட்டைச் சுத்தமாக மூடிக்கொண்டு ஒரு மீசை வைத்திருந்தார். மகாவைப் பொறுத்தவரை அந்தக் கடையில் ஒரு மீசை ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ரவி ஒவ்வொரு ஹெட்போனாக மாட்டிப் பார்த்தான். தலையை ஆட்டினான். தியோடரும் வாங்கி மாட்டி அவர் பங்குக்குத் தலையை ஆட்டினார். மகா கையை நீட்டியபோது ரவி அவள் பக்கம் திரும்பி, "இரும்மா, நீ போட்டு இன்னாத்த சொல்லப் போற? நான் கேட்டுச் சொல்றேன்" என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறந்தும் போனான். மகா கையை இழுத்துக்கொண்டாள். அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனை வருஷமாக எலும்பில் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அது கேட்பதில் சேர்த்தி இல்லையா?

ரவி தேர்ந்தெடுத்தது கடையிலேயே பெரியது. வட்டமான இரண்டு கப், மெத்தை மாதிரி ஸ்பாஞ்ச். "பேஸ் சும்மா அதிர்து" என்று முகமெல்லாம் சிரிப்போடு அவள் கையில் வைத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எப்படி வேண்டாம் என்பது?

மறுநாள் பஸ்ஸில் அதைக் காதுக்குப் பின்னால் வைத்தாள். ஒன்றுமில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றினாள். வெகுதூரத்தில் யாரோ தலையணையைத் தட்டுகிற மாதிரி ஒரு நிழல். ஸ்பாஞ்சை உரித்தும் பார்த்தாள். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் வளையம், அது எலும்பில் பட்டும் படாமலும் நின்றது. ரவியின் காதில் அதிர்ந்த பேஸ் ரவியின் காதோடு நின்றுவிட்டிருந்தது. பக்கத்து சீட்டு ரூபினி இவள் தோளைத் தொட்டு, "ஸ்வல்ப மெதுவா வையி, எல்லாருக்கும் கேக்குது" என்றாள். பஸ் முழுக்கக் கேட்ட பாட்டு, கேட்க வேண்டியவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

அன்று வேலை முடிந்து வரும்போது மகா வீட்டுக்குப் போகவில்லை. நேராக லிங்கராஜபுரம் போனாள். தனியாக ஒரு கடைக்குள் போய்ப் பேரம் பேசிப் பழக்கமே இல்லாதவள். நெஞ்சு படபடக்க தியோடர் முன்னால் நின்று, "இது எனக்குச் சேரல. மாத்தணும். நானே பாத்து எடுக்கறேன்" என்றாள்.

மீசை ஆடியது. மகா தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, தெரியவில்லை என்று தலையசைத்தாள். தியோடர் ஒரு நொடி விழித்தார். பிறகு ஆள்காட்டி விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எது வேணுமோ எடுத்துப் பாரும்மா" என்றார். கடைசிவரை அப்படியே மீசையைத் தூக்கிக்கொண்டுதான் பேசினார். மகாவுக்குச் சிரிப்பு வந்தது. படபடப்பும் கொஞ்சம் அடங்கியது.

அப்பாவின் கேசட்டை வாக்மேனில் போட்டு, ஒவ்வொரு ஹெட்போனாகச் செருகி, காதுக்குப் பின்னால் வைத்துக் கண்ணை மூடினாள். கடைக்கு வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒன்று மந்தம். ஒன்று வெறும் கூச்சம். எதிலும் படகு நகரவில்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்துச் சோர்ந்து நின்றபோது, மேஜை ஓரத் தட்டில் பழசாக ஒன்று கிடந்தது கண்ணில் பட்டது. மெல்லிய கம்பி, ஸ்பாஞ்ச் போன தகரமூடி. எடுத்துச் செருகி எலும்பில் வைத்தாள்.

தும், தும்தும், தும். பல்வரை வந்தது.

"ஐயோ, அது ரிப்பேர்ம்மா" என்றார் தியோடர், மீசையைத் தூக்கி. "உள்ள தகடு லூஸாயி கறகறங்கும். வாங்கினவன் திட்டிட்டுத் திருப்பிக் குடுத்தான். இத யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னுதான் தனியா வெச்சேன்."

"எனக்கு இதுதான் வோணும்."

தியோடர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புதுசைக் கொடுத்துவிட்டு உடைந்ததை வாங்கிப் போகிறவளை அவர் எங்கே கண்டார்? மகா ஹெட்போனை விடவில்லை.

வீட்டில் ரவி அதை வாங்கிக் காதில் வைத்தான். முகம் சுண்டியது. "கறகறன்னுது. நல்லதப் புடுங்கிகினு ஒடஞ்சத உன் தலைல கட்டிட்டான். காது கேக்காதவன்னா என்ன வேணா பண்லாமா? இரு, வரேன்." ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினான். மகா வாசலை மறித்து நின்றாள். அவன் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தாள். கம்பியை அகட்டி, ஒரு மூடியை அவன் காதிலும் இன்னொன்றைத் தன் காதுக்குப் பின்னாலும் வைத்தாள். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு இருந்தன. படகுப் பாட்டைப் போட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு பாடவும் ஆரம்பித்தாள். நல்ல குரல் என்று சொன்னால் அது பொய். சுருதி எங்கோ இருந்தது. ஆனால் பாடகி எடுத்த இடத்தில் எடுத்தாள், விட்ட இடத்தில் விட்டாள். ரவிக்கும் சின்ன வயசிலிருந்து தெரிந்த பாட்டுதான். இரண்டாவது சரணத்தில் ஒரு வரி முடிந்ததும் மகா சட்டென்று நிறுத்தினாள். மறந்துவிட்டது என்று ரவி நினைத்தான். அப்போது அந்தக் கறகறப்புக்கு நடுவே அவன் காதில் புல்லாங்குழல் வந்தது. நீளமான குழல், ஏறி இறங்கி மறுபடி ஏறியது. மகாவுக்கு அதில் ஒரு துளியும் கேட்காது என்பது அவனுக்குத் தெரியும். அவள் உதட்டை மூடி, குழல் முடியட்டும் என்று காத்திருந்தாள். குழல் ஓய்ந்தது. பாடகியும் மகாவும் ஒன்றாக எடுத்தார்கள்.

ரவி பாட்டு முடிந்தபிறகும் பாதி பட்டன் போட்ட சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு அவள் தோளைத் தட்டி, முகத்துக்கு நேராகத் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான்.

"எப்டி கீது? நீ சொல்லு."

மகா கொஞ்சம் யோசிப்பவள் மாதிரி பாவனை செய்தாள்.

"பேஸ் நல்லா கீது" என்றாள்.