கோட்டைமேல் நின்ற வீரன்

கண்ணருகே அணியும் சிறு திரைகளை வடிவமைப்பது என் தொழிலாக இருந்தது. வில்லைக்கும் படத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சற்றே மாற்றினால் பிம்பம் நிற்கும் தொலைவும் மாறும் என்று மாணவர்களுக்குப் பல முறை விளக்கியிருக்கிறேன். அதை எங்கே கற்றேன் என்று எவரும் கேட்டதில்லை. சென்ற மாதம் திருப்பதியில் அக்காவின் இறுதிக் காரியங்களை முடித்துத் திரும்பிய பிறகு, அதை எழுதத் தோன்றுகிறது.

சந்திரகிரியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கோட்டை மலை தெரியும். அப்பாவை நைனா என்றே அழைப்போம். அவர் சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்தார். அறுந்த பிலிம் துண்டுகளைக் கொண்டுவருவார். ஒரு கோடை விடுமுறையில் அக்கா, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் அத்தகைய துண்டு ஒன்றைச் செருகினாள். உடைந்த முகக்கண்ணாடிச் சில்லால் வெயிலைத் திருப்பி, எண்ணெய்க் காகிதத்தின் வழியே அதன்மேல் விழச் செய்தாள். பிலிமுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடி. அதற்கும் முன்னால், சாய்வாக ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டு. அதன் ஊடே பார்த்தால் எதிரே மலை தெரிந்தது; அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளியில், வாளேந்திய வீரன் ஒருவன் காற்றில் நின்றான்.

தெருவே வந்து பார்த்தது. “பாகுந்தி! ரொம்ப நல்லாக்கீது! எங்கூட்டு இஞ்சினீரு இவதான்” என்று அக்காவைக் காட்டிச் சொன்னார் நைனா. அந்தப் பட்டம் எனக்கென்று நான் எண்ணியிருந்தது. வகுப்பில் முதல் மாணவன் நான். அவளோ, கரும்பலகையில் இருப்பதைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாமல் அடி வாங்குகிறவள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குறை தேடியே அப்பெட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கிடைத்தது. வீரன் மலையில் நிற்கவில்லை. மூக்குக்கு முன்னால் நின்றான். அவனைப் பார்த்தால் மலை மங்கியது. மலையைப் பார்த்தால் அவன் மங்கினான். நைனாவின் எதிரிலேயே பிலிமை வில்லையிலிருந்து சற்றுப் பின்னுக்கு இழுத்தேன். வீரன் விலகிப்போய்க் கோட்டைச் சுவரின்மேல் நின்றான்.

“அட, கோட்ட மேலயே போயி நின்னுக்கினான்டா!” என்று நைனா கூவினார். “இவன்தான்டா இஞ்சினீரு!”

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“ஒண்ணும் தெர்லடா. எல்லாம் பொகையாட்டம் கீது.”

பிலிமைப் பழைய இடத்துக்குத் தள்ளக் கை நீட்டினாள். நான் தடுத்தேன்.

“எல்லாருக்கும் தெரியுது, உனுக்கு மட்டும் தெர்லியா? பொறாம!”

“மெய்யாலுமேடா. கோட்ட எங்க கீது?”

நைனா விழுந்து விழுந்து சிரித்தார். எதிரே மலையை வைத்துக்கொண்டு கோட்டை எங்கே என்று கேட்கிறவளைப் பார்த்து நானும் சிரித்தேன். சிறிது பொறுத்து அக்காவும் சிரித்தாள். பிறகு பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள். தோற்றதை ஒப்புக்கொண்டாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அவள் முதன்முதலாக மூக்குக்கண்ணாடி அணிந்தது திருமணத்துக்குப் பிறகுதான். நீட்டிய கைக்கு அப்பால் உலகம் முழுவதும் அவளுக்குப் புகையாகவே இருந்ததை அதுவரை வீட்டில் யாரும் அறியவில்லை. அந்த வீரன் மூக்குக்கு முன்னால் நின்றது பிழையன்று. தன் கண்ணுக்கு எட்டும் தொலைவுக்கு ஒரே ஓர் உருவத்தை அவள் வரவழைத்திருந்தாள். நானோ அவனைக் கோட்டைமேல் ஏற்றிவிட்டு, எல்லாரும் பாராட்ட நின்றுகொண்டிருந்தேன்.