ஞாயிற்றுக்கிழமை வாசனை

சாவியைப் பாதி திருப்பிவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவார் மெக்கானிக் செராஃபிம் பெத்தங்கூர். வளைத்த ஜெம் கிளிப் ஒன்று விரல் நுனியில் இருக்கும். அங்குள்ள பிளக்கின் இரண்டு துளைகளில் அதைச் செருகியதும் டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல்: கம்ப்யூட்டர் தான் விழித்திருப்பதாகச் சொல்கிறது. அதற்கடுத்து வருவதுதான் புகார். தேவாலயப் பலிபூசையில் மறுமொழி சொல்வதுபோல் உதட்டுக்குள்ளேயே அவர் எண்ணுவார்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஜன்னல் வழியே இடது கையை வெளியே நீட்டுவார். 'என்ன வாசனை?' என்று கேட்பதுபோல் உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டார். வண்டியின் பின்னால், சைலன்சர் பக்கத்தில், பச்சை நாற்காலியில் அவர் மனைவி ஒடீலியா உட்கார்ந்திருப்பார்.

"முட்டை!" என்று கத்துவார் ஒடீலியா. "அழுவி ஒரு வாரம் ஆன முட்டை!"

"பெயின்ட் நெடி இருக்கா?"

"நான் என்ன கடையா வச்சிருக்கேன், நீ கேட்டதெல்லாம் எடுத்துக் குடுக்க? முட்டைன்னா முட்டைதான் மனுசா!"

முட்டை என்றால் பெட்ரோல் அதிகம். பெயின்ட் என்றால் பெட்ரோல் எரியாமலே வெளியே வருகிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஒடீலியா சொல்லும் சொல் "ஞாயித்துக்கெழம". அதாவது ஞாயிறு விடியலில், பால் லாரிகள் ஓடுவதற்கு முன்பு, பக்கத்து வீட்டு இனிப்பு ரொட்டி மணம் மட்டும் தெருவில் இருக்கும் நேரம். அந்தச் சொல் கேட்டதும் செராஃபிம் பானெட்டை மூடுவார். அரசாங்கப் புகைச் சோதனையில் அந்த வண்டி தேறிவிடும்.

துலாரி என்ற இந்தப் பால்பண்ணை ஊரில், எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டு ஷெட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகை வேலி. நான் வளர்ந்தது இந்தக் கூச்சலைக் கேட்டுத்தான்.

செராஃபிமுக்கு வாசனை தெரியாது. கடல் தாண்டி அசோர் தீவிலிருந்து வந்த புதிதில் பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்தபோது ஒரு மாடு அவர் பின்மண்டையில் உதைத்தது. அன்றோடு போனது. "அதுக்கப்பறந்தான் பண்ணை வேலை சுகமா இருந்துச்சு" என்பார். இது வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. திருவிழாச் சாப்பாட்டில் யாராவது சூப்புக் கிண்ணத்தை நீட்டினால், மூக்கை உயர்த்தி "ஆகா!" என்பார். ஒடீலியா மேசைக்கு அடியில் அவர் காலை மிதிப்பார். ஒருமுறை அந்த "ஆகா" வெறும் சுடுதண்ணீருக்குச் சொல்லப்பட்டது.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனது நான்தான். வேதியியல். முதல் விடுமுறைக்கு வந்தபோது, அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று வேலிக்கு மேலாக ஒடீலியாவிடம் விளக்கினேன்.

"பேரு வச்சாச்சா?" என்றார். "இன்னும் நாறுதே, பொண்ணே."

அவரே சிரித்துச் சிரித்து இருமினார். அந்த இருமல் நிற்கவில்லை.

டாக்டரிடம் போனபோது மொழிபெயர்க்க என்னையும் அழைத்துப் போனார்கள். நுரையீரல் தோல்போல இறுகிக்கொண்டு வருகிறது, இறுகியது இளகாது என்றார் டாக்டர். புகை, தூசி உள்ள இடத்தில் வேலை செய்திருக்கிறாரா என்று கேட்டார். நான் கேட்டதற்கு ஒடீலியா, "வேலையா? நான் வீட்லதான இருக்கேன்" என்றார். மறைப்பதற்காகச் சொல்லவில்லை. அவர் அதை வேலை என்று நினைத்ததே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள், ஆங்கிலம் பேசவே கூசும் செராஃபிம், தன் பூட்ஸைப் பார்த்தபடி ஆங்கிலத்திலேயே சொன்னார்: "கார். புகை. தினமும்."

அதன் பிறகு ஒடீலியா ஷெட்டுக்கு வருவதற்குத் தடை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலை செராஃபிமே ஆணி அடித்து மூடிவிட்டார். பச்சை நாற்காலியை மட்டும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வண்டி உள்ளே வரும்போதும் அதைத் தள்ளி வைக்கிறார். வண்டி நின்றதும், திரும்ப சைலன்சர் பக்கத்தில் கொண்டுவந்து போடுகிறார்.

"நான் வேணா மோந்து சொல்றேன் மாமா" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாம்."

"முட்டை நாத்தம் எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அது அவ வேலை." நாற்காலியின் கையைத் துணியால் துடைத்தார். "நீ வந்து ஒக்காந்தா, அவ இனிமே வரமாட்டான்னு ஆயிரும்."

கல்லூரியில் படித்த வேதியியல் முழுவதும் நினைவிருந்தது. அது அந்த இடத்தில் உதவவில்லை.

போன மாதம், நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது, வால்டெமார் தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்தார். பண்ணையில் பால் கறப்பவர், வாய் நீளம். எண்பத்தைந்தாம் வருட வண்டி. அந்தக் காலத்து வண்டிகளில் கார்புரேட்டருக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். கம்ப்யூட்டருக்கு விஷயம் சொல்வது, புகை போகும் பாதையில் இருக்கும் ஒரு சென்சார். விளக்கு நாலு சிமிட்டி, நின்று, மறுபடி நாலு சிமிட்டியது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். செராஃபிம் விளக்கை நம்பினார். காற்று கசியுமென்று ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினார். கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினார்.

சோதனையில் வண்டி தோற்றது. அளவு கடந்த பெட்ரோல் புகை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"என்ன செராஃபிம், ஒனக்கும் வயசாயிருச்சா?" என்றார் வால்டெமார். "என் மாடுங்க விடுற காத்து இதவிடச் சுத்தம்ங்கிறான் அந்தச் சோதனைக்காரப் பையன்! எங்க ஒன் பொஞ்சாதி? அவ இருந்தா இப்படி ஆவாதே."

"உள்ள இருக்கா" என்றார் செராஃபிம். "சாயங்காலம் வா."

வால்டெமார் போனதும் கிளிப்பைச் செருகினார். நாலு, நாலு. விளக்கு மாற்றிச் சொல்லவில்லை. இன்ஜினை ஓடவிட்டார். பழக்கத்தில் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டது. காலி நாற்காலியைக் கண்ணாடியில் பார்த்திருப்பார்போல, கையை இழுத்துக்கொண்டார். இறங்கிப் பின்னால் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, சைலன்சர் வாயருகே முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து மோந்து பார்த்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் கையில் துவைத்த துணியோடு நின்றிருந்தேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும் அல்ல.

சமையலறைக் கதவு திறந்தது. மூக்குக் குழாயை உள்ளேயே கழற்றிப் போட்டுவிட்டு, கதவையும் பிறகு கைப்பிடியையும் பிடித்தபடி, ஒடீலியா படியில் இறங்கினார்.

"எந்திரி மனுசா. மாடு தண்ணி குடிக்கிற மாரி என்ன இது? தள்ளு, நான் பாக்குறேன்."

"உள்ள போ!"

"போறேன். ஒரே மூச்சு. மோந்துட்டுப் போறேன்."

"ஒடீலியா, போடி உள்ள!"

ஒடீலியா நின்றபாடில்லை. இன்ஜினை நிறுத்த வேண்டுமென்றால் சாவி முன்பக்கம். அதற்குள் ஒடீலியா வந்துவிடுவார். செராஃபிம் தலையிலிருந்த கம்பளித் தொப்பியை உருவி சைலன்சர் வாயில் திணித்து, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினார்.

வெளியே போக வழியில்லாமல் புகை உள்ளே முட்டியது. வண்டி குலுங்கியது. அப்போது முன்பக்கத்திலிருந்து, பானெட்டுக்குள்ளிருந்து, குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சீறல் எழுந்தது. சென்சாருக்கு முன்னால் புகைக் குழாயில் விரிசல். அதன் வழியாகப் புகுந்த வெளிக்காற்றைத்தான் சென்சார் இத்தனை நாளும் மோந்துகொண்டிருந்திருக்கிறது. நிரம்பி வழிந்த பெட்ரோல் அதற்குத் தெரியவே இல்லை.

ஒடீலியா பாதி வழியில் நின்றார்.

"கேக்குதா?"

"கேக்குது."

"ஓட்டை அங்கதான."

"அங்கதான்."

இன்ஜின் இரண்டு முறை விக்கி அணைந்தது. ஷெட்டில் ஒடீலியாவின் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது.

"கண்டுபிடிச்சாச்சுல்ல, கைய எடு. சுடும்" என்றார் ஒடீலியா.

தொப்பி ஓரத்தில் கருகத் தொடங்கியிருந்தது. செராஃபிம் கையை எடுக்கவில்லை. ஒடீலியா மெல்லத் திரும்பி, படியேறி, கதவைச் சாத்தும்வரை அப்படியே அமுக்கிக்கொண்டிருந்தார்.