நெய்வேலியில் தலை எண்ணுவதைப் பார்த்தேன்

காலை 7.10. பண்ருட்டியில் பஸ் ஏறினேன். நெய்வேலிக்கு முப்பது ரூபாய். முந்திரி உடைக்கிற இடத்தில் லீவு சொல்லியிருந்தேன். பையில் வக்கீல் கொடுத்த காகிதம்.

என் தம்பி அந்தோணி வெளிநாட்டுக்குக் குழாய் பதிக்கப் போனான். நாட்டின் பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அங்கே ராணுவ டிரோன் குண்டு போட்டு ஐந்து பேர் செத்தார்கள். தம்பியும் ஒருவன். ஐந்து பேரும் கூடி நின்ற ஆயுதக்காரர்கள் என்று ராணுவம் சொல்லிவிட்டது. இல்லை, கூலிக்காரர்கள் என்று சொல்ல உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். நெய்வேலி பக்கத்து வடக்குத்து ஊர் செல்வராசு. மனித உரிமை மனுவுக்கு அவர் வாக்குமூலம் வேண்டும். ஒரு வருசமாகத் தரவில்லை.

8.20. நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ. இருபது ரூபாய்.

"டிரோன் செல்வராசா? கல்யாணத்துல கேமரா பறந்தா பந்திய வுட்டுட்டு ஓடுவாரே, அவரு வூடுங்களா?" டிரைவர் சிரித்தார்.

"அவரோட நின்னுகினு இருந்தவன் என் தம்பி. செத்துட்டான்."

வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

செல்வராசு காகிதத்தைத் தொடவில்லை. "யக்கா, நிலக்கரி வெட்டுற மைன்ஸ் பாத்திருக்கீங்களா? வாங்க" என்று வண்டியை எடுத்தார்.

நாலு கிலோமீட்டர். ஒரு மேட்டில் நிறுத்தினார். கண் போகிற வரை பள்ளம். எங்கள் மாதா கோயிலைக் கோபுரத்தோடு இறக்கினாலும் தலை தெரியாது. மண் வெட்டும் சக்கரம் மட்டும் இரண்டு மாடி உயரம். மனுசன்தானே இதைச் செய்தான் என்று நின்றேன்.

10.30. சங்கு ஊதியது. பக்கத்து இயந்திரங்கள் நின்றன. ஆட்கள் நடந்து வந்து ஒரே இடத்தில் கூடினார்கள். ஒருவர் விரல் நீட்டித் தலை எண்ணினார். பிறகுதான் பாறைக்கு வைத்த வெடி வெடித்தது. காலுக்கடியில் பூமி எழும்பியது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு ஆள் குறையக் கூடாது என்று அத்தனை பெரிய வேலையும் நின்றதைப் பார்த்தேன்.

"பத்து வருசம் இங்க கான்ட்ராக்ட்ல இருந்தேங்க்கா" என்றார் செல்வராசு. "அங்க மேல ரீங்காரம் கேட்டுச்சு. இந்தப் பழக்கத்துல எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சு எண்ணினேன். அந்தோணி தண்ணித் தொட்டிகிட்ட இருந்தான். ஓடியாடான்னு நான்தான் கூப்ட்டேன். எண்ணிட்டு, வயர்லெஸ்ல சொல்ல வண்டிகிட்ட போனேன். அதுக்குள்ள குண்டு போட்டுட்டான். வாக்குமூலம்னா இதையும் சொல்லணும். உங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"



"கூப்ட்டதும் வந்தானா?"

"வந்தாங்க்கா. சிரிச்சிகினே."

காகிதத்தை வண்டி சீட்டில் வைத்தேன். "அதையும் எழுதுப்பா. நாலு பேரு சேந்து நின்னா கொல்லலாம்னு எவன் சொன்னான்?"

எழுதினார். நேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

12.40. திரும்பும் பஸ். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் இத்தனை பெரிய எதுவும் கிடையாது. சக்கரம் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த எண்ணுகிற விரலும் போகவில்லை.

பாதி வழியில் காகிதத்தை எடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தோணி, வயது இருபத்தாறு, குழாய் பதிப்பவர்.