தும்மினால் பாஸ்

ராயபுரத்தில் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு எட்டுப் பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது எங்கள் பிரிட்ஜ் கிளப்பாகத்தான் இருக்க முடியும். துக்க வீட்டில்கூட இவ்வளவு அமைதி கிடையாது. அங்கே மேளமாவது அடிப்பார்கள்.

கிளப் என்றதும் ஏசி அறையையும் மெத்தை நாற்காலியையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் கிடங்குக்கு மேல்மாடி அது. கீழே மிளகாய் மூட்டை, மேலே நாங்கள். ஆட்டத்தில் அண்ணாச்சியின் ஜோடி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வியாசர்பாடியிலிருந்து ரயில்வேயில் வேலை பார்க்கும் மாமன் மச்சான் இரண்டு பேர். திருவொற்றியூரிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர். கண்டெய்னர் லாரிகள் வழிவிட்டால் நாலு மணிக்கு வருவார்கள், விடாவிட்டால் ஐந்துக்கு. அப்புறம் நானும் என் மனைவியும். நான் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸில் இருந்தவன். அவள் தபால் பிரிக்கும் ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவள். கிளப்பை நடத்துவது நான். அதாவது சாவி, சீட்டுக்கட்டு, சுவரில் ஒட்டிய விதிமுறை எல்லாம் என் பொறுப்பு. தண்ணீர் கேன் அவள் பொறுப்பு.

நாங்கள் ஆடுவது டூப்ளிகேட் பிரிட்ஜ். இதில் சீட்டை ஒரு முறைதான் கலைப்போம். போட்ட சீட்டை நடுவில் எறியாமல் அவரவர் தன் முன்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தன் பதின்மூன்று சீட்டையும் ஒரு அட்டைப் போர்டின் பையில் செருகிவிட வேண்டும். நாலு பேருக்கு நாலு பை. அந்தப் போர்டு அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். அதே சீட்டை வைத்துக்கொண்டு நாம் எப்படி ஆடினோம், அவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதுதான் போட்டி. சீட்டு வரவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. அந்தச் சாக்கு இல்லாமல் எங்கள் பக்கத்து ஆட்களால் சீட்டாட முடியும் என்பதே பெரிய அதிசயம்.

ஆகவே முதல் விதி: கலைக்காதீர். அதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தேன். மூட்டை ஏற்ற வந்த ஒருவர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இன்னாத்த சார் கலைக்கக் கூடாது, ஆட்சியையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கீழே சின்ன எழுத்தில், கலைத்தவருக்கு அந்த ஆட்டத்தில் பூஜ்யம் என்று போட்டிருந்தேன். கிரேன்காரருக்கு இரண்டு முறை அந்தப் பூஜ்யத்தை நானே கொடுத்திருக்கிறேன். அவர் பாவம், ஹார்பர் ஷெட்டில் இருபது வருடம் சீட்டாடிப் பழகிய கை. ஆட்டம் முடிந்தால் கை தானாகவே எல்லாச் சீட்டையும் வாரிச் சேர்த்துவிடும். "ரூல் ரூல்தான் நைனா" என்று அப்போது நான் சொன்ன தோரணை எனக்கே இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது விதி மிளகாயால் வந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே எல்லோரும் தும்முவோம். அதில் தப்பில்லை. ஆனால் ரயில்வே மாமன் நல்ல சீட்டு வந்தால் இரண்டு தும்மல், மட்டமான சீட்டுக்கு ஒரு தும்மல் என்று மச்சானுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்ததை அக்கா தங்கை கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கே சட்டம் போட்டேன். ஏலம் கேட்கும்போது தன் முறையில் தும்மினால் அது பாஸ், ஏலம் கேட்கவில்லை என்று பொருள்.

மூன்றாவது விஷயம் விதியல்ல, ஒரு சொல்லால் வந்த வம்பு. பிரிட்ஜில் ஜோடியில் ஒருவர் ஆடுவார். எதிரே இருக்கும் ஜோடிக்காரர் தன் சீட்டை எல்லோரும் பார்க்க விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவருக்கு உலகம் முழுவதும் டம்மி என்று பெயர். உலகம் முழுவதும் சரி, ராயபுரத்தில் ஒருவரைப் பார்த்து டம்மி என்று சொல்ல முடியுமா? முதல் வாரமே கிரேன்காரர் எழுந்துவிட்டார். "இன்னா சார், நம்மளப் பாத்து டம்மி பீஸுன்ற?" மௌனி, ஓய்வாளர் என்றெல்லாம் மாற்றிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. விளைவு, டம்மி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே எங்கள் கிளப்பில் எல்லோரும் கையில் இருப்பதற்கு மேல் ஏலம் கேட்பார்கள். ஏலத்தில் ஜெயித்த ஜோடியில் அந்தச் சீட்டு வகையை முதலில் கேட்டவர்தானே ஆடுவார். ஆடித் தோற்றாலும் பரவாயில்லை, டம்மியாக உட்காரக் கூடாது.

இதில் முதல் ஆள் நான்தான். மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே என் மனைவி எதைச் சொன்னாலும் அதற்கு மேல் நோ டிரம்ப், அதாவது துருப்பே இல்லாத ஆட்டம் என்று சொல்லி ஆட்டத்தை என் பக்கம் இழுத்துவிடுவேன். அவள் சீட்டை விரித்து வைப்பாள். அப்போது "தேங்க்ஸ் பார்ட்னர்" என்று சொல்வது இந்த ஆட்டத்தின் மரியாதை, சீட்டு எவ்வளவு மோசமாக இருந்தாலும். ரயில்வே மச்சான்கூடத் தன் மாமனுக்குச் சொல்வான். நான், "இன்னாம்மா கை இது" என்பேன். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன தேங்க்ஸ் என்பது என் கட்சி. நாலு வருடமாக நாங்கள்தான் கடைசி. அவளுக்கு இன்னும் ஆட்டம் பிடிபடவில்லை என்று நான் எல்லோரிடமும் பெருந்தன்மையாகச் சொல்லி வந்தேன்.

ஒரு சனிக்கிழமை கிளப்புக்குப் போகும்போது அவள், "ஒரு தடவையாவது கடைசி வராம இருக்கணும்ங்க. இன்னிக்கும் கடைசின்னா அடுத்த வாரத்துலேருந்து நான் வரல. வூட்ல எனக்கு வேலை கீது" என்றாள். சிரித்துக்கொண்டே சொல்லவில்லை. அவள் வராவிட்டால் ஏழு பேர். ஏழு பேருக்கு இந்த ஆட்டமே கிடையாது. அப்போதுகூட எனக்குக் கிளப்பைப் பற்றித்தான் கவலை வந்தது, அவளைப் பற்றி இல்லை.

அன்று எங்களுக்கு எதிரே அண்ணாச்சியும் கிரேன்காரரும். ஏலத்தை என் மனைவி தொடங்கினாள். "ஒரு ஆட்டின்." சிவப்பு இதயத்துக்கு எங்கள் ஊரில் ஆட்டின் என்று பெயர். அண்ணாச்சி பாஸ். என் கையிலும் நாலு ஆட்டின் சீட்டு இருந்தது. ஒழுங்கானவனாக இருந்தால் அவளுக்குத் தோள் கொடுத்திருப்பேன். நான் வழக்கம்போல, "மூணு நோ டிரம்ப்" என்றேன். கிரேன்காரர் பாஸ். இந்த இடத்தில் அவள் எப்போதும் வாயை மூடிக்கொள்வாள். அன்று என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆறு ஆட்டின்" என்றாள்.

பிரிட்ஜில் முதல் ஆறு பிடி கணக்கில் வராது, ஆகவே ஆறு என்றால் பதின்மூன்று பிடியில் பன்னிரண்டு எடுக்க வேண்டும். எங்கள் கிளப்பில் அதுவரை யாரும் கேட்டு எடுத்ததில்லை. அண்ணாச்சி பாஸ் சொன்னார். என் முறை. ஏழு நோ டிரம்ப் என்று சொல்லி ஆட்டத்தைப் பிடுங்க வாயைத் திறந்தேன். கீழே யாரோ தொப்பென்று மூட்டையைப் போட்டார்கள். மூன்று தும்மல் தும்மினேன்.

"தும்மினா பாஸு சார். செவுத்துல கீது பாரு" என்றார் கிரேன்காரர். "நானும் பாஸ்."

வேறு வழியில்லை. அண்ணாச்சி கிளாவர் ஆஸைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்க, நான் என் சீட்டை விரித்து வைத்தேன். நாலு வருடத்தில் முதல் முறையாக டம்மி. அவள் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அந்த முதல் பிடி அண்ணாச்சிக்குப் போனது. அதற்கு மேல் அவள் விடவில்லை. நடுவில் ஒரு இடத்தில் என் சீட்டிலிருந்து டைமன் ராஜாவைக் கேட்பாள் என்று நான் கையை நீட்டினேன். "ஜாக்கி" என்றாள். ஜாக்கியை அடிக்கும் ராணி எதிராளி கையில் இருக்கிறது, செத்தோம் என்று நினைத்தேன். ஜாக்கி பிடித்தது. ராணி, என் சீட்டுக்கு முன்னால் போட வேண்டிய அண்ணாச்சி கையில் மாட்டிக்கொண்டிருந்தது. கடைசிச் சீட்டு விழுந்தபோது பன்னிரண்டு பிடி எங்களுடையது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கத்திக்கொண்டே நாலு பேர் சீட்டையும் வாரி எடுத்துச் சர்ரென்று கலைத்துவிட்டேன்.

கிளப்பில் அன்றுதான் உண்மையான அமைதியைக் கேட்டேன். அடுத்த மேசை இன்னும் அந்த ஆட்டத்தை ஆடவில்லை. ஒப்பிட ஆள் இல்லாமல் அவளுடைய ஆறு ஆட்டின் எதற்கும் உதவாது. போதாததற்குச் சுவரில் பூஜ்யம் வேறு. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் என் கையில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சி நல்ல மனிதர். "விடுங்கண்ணே. அவங்கவங்க சீட்டை ஞாபகப்படுத்திச் சொல்லுவோம், மறுபடி அடுக்கிரலாம்" என்றார். சொன்னோம். தோற்றவர்கள் இரண்டு பேருக்கும் ராஜா, ராணி, ஜாக்கி என்று ஒரு படம்கூட வரவில்லையாம். எனக்கு என் ராஜாவும் ஜாக்கியும்தான் நினைவில் இருந்தன. அவள் தன்னுடைய ஐந்தைச் சொன்னாள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு படத்தில் ஐந்தைக் காணோம். கடலில்தான் தேட வேண்டும்.

அவள் என் கையிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பார்த்து நாலு பக்கமும் போட ஆரம்பித்தாள். கடிதங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போடுவது போல, நிறுத்தாமல். கிரேன்காரரைப் பார்த்து, "இஸ்பேட் ராணி உங்களது தம்பி, நாலாவது பிடியில போட்டீங்க. டைமன் ராணி அண்ணாச்சியோடது. இந்த கிளாவர் ரெண்டு இவருது. இந்த ஆட்டின் ஒம்போது என்னுது." ஐம்பத்திரண்டு சீட்டும் இறங்கியபோது நாலு குவியலிலும் பதின்மூன்று பதின்மூன்றாக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அவரவர் குவியலைப் பார்த்தோம். எங்கள் கைகள்தான்.

"மதினி, டைமன் ராணி எங்கிட்டதான்னு ஆடும்போதே எப்படிக் கண்டீங்க?" என்றார் அண்ணாச்சி.

"கையில ராணி இருந்தா நீங்க கண்ணாடியத் தொடைப்பீங்க அண்ணாச்சி. நாலு வருஷமா."

போர்டு அடுத்த மேசைக்குப் போனது. அங்கே அதே சீட்டில் அக்கா தங்கை பயந்து நாலு ஆட்டின்தான் கேட்டார்கள், ஆகவே ஆறு கேட்டு எடுத்தவளுக்குத்தான் அதிகப் புள்ளி. பூஜ்யம் பாக்கி இருந்தது. தீர்ப்பு சொல்லும் யோக்கியதை எனக்கில்லை என்று ஒதுங்கிவிட்டேன். கிரேன்காரர் சுவருக்கு அருகே போய் விதியை விரலால் தொட்டுப் படித்தார். "கலைத்தவருக்குன்னு கீது. ஜோடிக்குன்னு இல்ல. யக்கா இன்னாத்த கலைச்சுது? முட்டை சாருக்கு மட்டும்."

அப்படியே முடிவானது. எங்கள் மற்ற ஆட்டங்களின் புள்ளி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆறு ஆட்டின் அவளுக்கு, பூஜ்யம் எனக்கு. பலகையில் முதல் முறையாக எங்கள் பெயரைத் தனித்தனியாக எழுதினேன். முதல் இடத்தில் அவள், எட்டாவது இடத்தில் நான். நடுவில் ஆறு பேர்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "இவ்ளோ ஞாபகம் கீதுன்னு ஏம்மா சொல்லவேயில்ல?"

"எப்பங்க சொல்றது? நான் வாயத் தொறந்தா நீங்க நோ டிரம்ப்புன்றீங்க."

அவளுக்கு ஆட்டம் பிடிபடவில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லி வந்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். "சரி, பாத்து நடங்க, லாரி வருது" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். முதல் கையிலேயே "ஒரு இஸ்பேட்" என்றாள். எனக்கு அன்று படம் படமாக வந்திருந்தது. கீழே மூட்டை எதுவும் இறங்கவில்லை, தும்மலும் இல்லை. "நாலு இஸ்பேட்" என்றேன். அந்த வகையை முதலில் கேட்டது அவள், ஆகவே ஆட்டமும் அவளுடையதுதான். என் சீட்டுகளை ஒழுங்காக விரித்து வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா சார், டம்மியா?" என்றார் கிரேன்காரர்.

"ஆமா, டம்மிதான்" என்றேன்.