எட்டாத விரிசலும் பழைய லென்ஸும்

தட்டாஞ்சாவடியில் மூடிக்கிடந்த ஒரு கம்பெனி. அதன் மதிலை ஒட்டி ஒரு தகர ஷெட். அந்த ஷெட்டில்தான் என் மனைவி இன்னும் பதினோரு பெண்களோடு உட்கார்ந்து ஸ்வீட் பாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் அட்டை வெட்டும் மெஷின் ஓடும், இன்னொரு மூலையில் ரேடியோ பாடும். மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் செங்கல் புகைபோக்கி. மத்தியானம் தாண்டினால் அதன் நிழல் ஷெட் கூரைமேல் ஏறும்.

ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்கப் போனேன். போன இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். நிமிர்ந்து பார்த்தேன். புகைபோக்கியின் கழுத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு, சாய்வாக இறங்கியிருந்தது. கேரியரை நீட்டியபடி நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "என்னாங்க, வெயில்ல வந்தீங்களா?" என்றாள்.

நான் பயந்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ஆள். அதனால் என் பேச்சை யாரும் கேட்கவில்லை. ஷெட் முதலாளியிடம் சொன்னேன். அவர் வெளியே வந்து கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"மழைத் தண்ணி வழிஞ்ச கறைங்க அது. நாப்பது வருஷமா நிக்குது. நீங்க பாத்ததும் விழுந்துடுமா?"

உள்ளேயிருந்து ஒருத்தி, "அக்கா, உங்க வூட்டுக்காரரு வானத்துக்கு முட்டுக் குடுக்க வந்திருக்காரு" என்றாள். சிரிப்பு. என் மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும்போது நான் மேலே பார்த்தேன். கோடு அங்கேயே இருந்தது.

கம்பெனி கேட்டில் பூட்டு. காவல்காரர் உள்ளே விடமாட்டேன் என்றுவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னிடம் இருந்தது முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன ஸ்டுடியோவும் ஒரு பழைய முந்நூறு எம்.எம். லென்ஸும். அப்போது டிஜிட்டல் கேமரா ஊருக்குள் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. ஃபிலிம்தான். சர்ச் கல்யாணங்களில் பீடத்துக்குக் கிட்டே போகக் கூடாது என்பதால், பிரான்சுக்குக் குடிபோன ஒருவரிடம் அந்த லென்ஸை வாங்கியிருந்தேன். பழைய ஆட்டோஃபோகஸ். லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவிலிருந்து ஒரு சின்னத் தண்டு நீண்டு, ஸ்க்ரூடிரைவர் மாதிரி லென்ஸைத் திருப்பும்.

மெயின் ரோட்டு முனையில் நின்று எடுத்தேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டால் எல்லாம் ரவை ரவையாகப் பிரிந்தது. கோடு ஒரு நூல் மாதிரி இருந்தது. கறையா, அரச மர வேரா, விரிசலா, ஒன்றும் தெரியவில்லை. "முடி கிடி ஒட்டிக்கிச்சா?" என்று முதலாளி பிரிண்டை ஊதிப் பார்த்தார்.

பெரிய மார்க்கெட் பக்கத்துச் சந்தில் கேமரா ரிப்பேர் பார்க்கிற அண்ணனிடம் போனேன். சர்ச் கோயரில் பாடுகிறவர். எல்லாரையும் பிரெஞ்சுக்காரர் மாதிரி முசியே என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னும் கிட்ட கொண்டு வரணும்னா டெலிகன்வர்ட்டர் போடணும் முசியே. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல உக்கார்ற கண்ணாடி. ஆனா உன் லென்ஸ் கிழவன். கிழவனுக்குப் பொண்ணு பாக்கறது கஷ்டம்."

ரெண்டு எடுத்து வைத்தார். ஒன்று புதுசு, ரெண்டு மடங்கு பெரிதாக்கும். ஆனால் உள்ளேயே மோட்டார் இருக்கிற லென்ஸ்களுக்காகச் செய்தது. தண்டுக்கு வழியில்லை, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸ் மாட்டுகிற அதன் வாயில் ஒரு சின்னப் பல் இருந்தது. பழைய லென்ஸை உட்காரவிடாமல் தடுப்பதற்காக கம்பெனிக்காரனே வைத்த பல். முன் கண்ணாடியும் துருத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று பழசு, ஒன்று புள்ளி நாலு மடங்குதான். தட்டையான வாய், வயிற்றுக்குள் தண்டு ஓடியது.

எனக்கு ரெண்டு மடங்கு வேண்டியிருந்தது. பயம் அப்படித்தான் கேட்கும்.

"அந்தப் பல்ல ராவிட்டா உக்காந்துக்கும்" என்றார் அண்ணன். "எல்லாரும் பண்றதுதான்."

"கண்ணாடியும் கண்ணாடியும் இடிச்சுக்காதே?"

"அளந்துட்டுதான் ராவுவோம்."

என் லென்ஸைக் கேமராவில் மாட்டி, எதிர்ச் சுவரில் இருந்த மாதா காலண்டரைப் பார்த்து ஃபோகஸ் சரியா என்று சோதித்தார். பிறகு கழற்றி, கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீற்றாக வெட்டி, லென்ஸின் பின்பக்கம் இறக்கி நகத்தால் அடையாளம் வைத்தார். கன்வர்ட்டரின் துருத்தலையும் அதே அட்டையில் அளந்தார். அரிசி கனத்துக்கு இடைவெளி இருந்தது. நான் மூன்று தடவை அளக்கச் சொன்னேன். மூன்று தடவையும் இருந்தது. பல்லை அரத்தால் ராவினார்.

மறுநாள் காலை அதே ரோட்டு முனை. மாட்டினேன், உட்கார்ந்தது. புகைபோக்கி தூரத்தில் இருப்பதால் வளையத்தைக் கடைசி அடையாளம் பக்கமாகத் திருப்பினேன். படுத்த எட்டு மாதிரி போட்டிருக்கும் அது. எட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வளையம் நின்றது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். ஷெட்டிலிருந்து பெண்களின் பேச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்குமேல் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

கழற்றிப் பார்த்தேன். என் லென்ஸின் பின் கண்ணாடியில் நகக்கண் அளவுக்குப் பிறை மாதிரி ஒரு கீறல்.

அப்படியே சந்துக்கு எடுத்துப் போனேன். அண்ணன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"தப்பு என்னுது" என்றார். "நாலடியில இருந்த காலண்டரைப் பாத்துட்டு அப்படியே அளந்துட்டேன். கிட்டத்துல பாக்கறப்ப இந்தக் கண்ணாடி முன்னால தள்ளிப் போயிடுது. தூரத்துல பாக்கறப்ப பின்னால வந்துடுது. மூணு தரம் அளந்தோம், மூணும் கிட்டத்துலயே அளந்தோம்."

"படத்துல கோடு விழுமா அண்ணே?"

"கோடா விழாது. வெளிச்சம் நேரா பட்டா கொஞ்சம் மங்கும், அவ்ளோதான்."

சின்ன கன்வர்ட்டரை எடுத்தோம். இந்தத் தடவை படுத்த எட்டில் வைத்து அளந்தார், நடுவில் வைத்து அளந்தார், கடைசியில் காலண்டர் தூரத்துக்கும் அளந்தார். தட்டை வாய், எங்கேயும் தொடவில்லை. "வெளிச்சமும் கொஞ்சம்தான் குறையும். வெயில் இருந்தா கேமராவே ஃபோகஸ் பண்ணிடும்" என்றார். எனக்கு அதுதான் வேண்டும். என் கண்ணை நான் நம்பவில்லை. பயந்த கண்ணுக்கு எல்லாச் சுவரிலும் விரிசல் தெரியும். பயமில்லாத ஒன்று பார்த்துச் சொல்லட்டும்.

மறுபடி ரோட்டு முனை. தண்டு 'கிர்ர்' என்று சுற்றியது, ஒருமுறை தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது. எடுத்தேன்.

பிரிண்டில் அது கறையில்லை. கோட்டின் ஓரத்தில் ஒரு செங்கல் பாதி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதன் நிழல் சுவரில் விழுந்திருந்தது. கறைக்கு நிழல் விழாது.

முதலாளியிடம் காட்டும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. பின்னால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று, லென்ஸில் கீறல் விழுந்த கதையையும் நானே சொல்லிவிட்டேன்.

"போட்டோக்காரரே, லென்ஸுல கீறல்னும் நீங்களே சொல்றீங்க, புகைபோக்கில விரிசல்னும் நீங்களே சொல்றீங்க. எதுல எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை என் மனைவி சிரிக்கவில்லை. படத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "கீறல் லென்ஸுலன்னா, கேமராவைச் சாய்ச்சுப் புடிச்சாலும் படத்துல அதே எடத்துலதான இருக்கும்?"

"ஆமா."

"சுவத்துலன்னா சுவத்தோட போவும் இல்ல?"

எனக்குத் தோன்றாதது அது. "அப்ப சாய்ச்சு எடுத்துக்கினு வாங்க. நாலு பேர் முன்னால உங்களைப் பாத்துச் சிரிக்கறாங்க, எனக்கு நல்லா இல்ல" என்றாள். அவளும் சிரித்தாள் என்று நான் சொல்லவில்லை.

அந்த வாரம் மேகமாகவே இருந்தது. வெளிச்சம் போதாமல் கேமரா முன்னும் பின்னும் தேடித் தேடி அலைந்தது. தினமும் அவள் காலையில் செருப்பை மாட்டும்போது, இன்றைக்கு வேண்டாமே என்பேன். "லீவு போட்டா வேற ஆளு வெச்சுப்பாரு" என்று போய்விடுவாள். ஆறாவது நாள் வெயில் வந்தது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலைகீழாக ஒன்று. அன்றைக்கே கழுவி, பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

மூன்றையும் என் மனைவி என் கையிலிருந்து பிடுங்கி முதலாளியின் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். புகைபோக்கி எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ, கோடும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று நான் போன வாரத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்தேன்.

அவள்தான் முதலில் பார்த்தாள்.

"இந்தக் கல்லு எங்க?"

போன வாரம் துருத்திக்கொண்டு நின்ற செங்கல் புதுப் படத்தில் இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பொந்து. மூன்று படத்திலும் பொந்து. எப்போது விழுந்தது, எந்தப் பக்கம் விழுந்தது, பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை. தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்துகொண்டு, ரேடியோ பாட, பேசிச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

முதலாளி கூரையைப் பார்த்தார். பிறகு ரேடியோவை நிறுத்தினார். அட்டை வெட்டும் மெஷினையும் தானே போய் நிறுத்தினார். அது நின்றதும் தரையில் இவ்வளவு நாளும் ஒரு அதிர்வு இருந்தது எல்லாருக்கும் தெரிந்தது.

"எல்லாம் எழுந்திரிங்க" என்றார், கிசுகிசுப்பாக. "ரோட்டுக்குப் போயிடுங்க. ஓடாதீங்கம்மா. நடங்க. மெதுவா."

பெண்கள் செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வெளியே போனார்கள். என் மனைவி கடைசியாக வந்தாள். அவள் வாசலைத் தாண்டும்வரை நான் மேலே பார்க்கவில்லை.