தேவி அக்காவின் காது

திருவொற்றியூர் கரையில் காலையில் இறங்கினால் முதலில் டீசல் வாடைதான் மூக்கில் ஏறும். அப்புறம் இன்ஜின் சத்தம்... கரைக்கு வரும் ஃபைபர் போட்டு அத்தனையும் டுபுடுபு என்று ஒரே மாதிரிதான் எனக்குக் கேட்கும்.

என் அக்கா தேவிக்கு அப்படி இல்லை. போட்டு கண்ணில் படுவதற்கு முன்பே யாருடையது என்று சொல்லிவிடுவாள். ஆனால் பதினேழு வயதிலும் தலை வாரிவிட அம்மா வேண்டும். கூட்டம் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொள்வாள். பேச்சும் நிறுத்தி நிறுத்தித்தான் வரும். சொந்தக்காரர்கள் வந்தால், "அத்த உள்ள உக்கார வை" என்று ஏதோ பொருளைச் சொல்வது போல் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள்... விடியற்காலையில் காற்று மாறிவிட்டது. போன போட்டெல்லாம் திரும்பிவிட்டன. அப்பாவுடையதும் ஏழுமலை மாமாவுடையதும் மட்டும் வரவில்லை. கடலுக்குள் போனால் செல்போனில் டவர் கிடைக்காத காலம். மணி பத்து... பதினொன்று... கரையில் நின்ற அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற அக்கா திடீரென்று கையை எடுத்தாள்.

"போட்டு வருது."

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாருதுமா? நைனாவுதா?" என்றாள்.

"நைனா போட்டு இல்ல. ஏழுமலை மாமா போட்டு."

அவ்வளவுதான்... அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழ, நானும் அழ, அக்கா மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. குனிந்து கேட்டேன்.

"கனமா... வருது. இஸ்துகினு... வருது."

இன்ஜின் பாரம் இழுக்கும் சத்தத்தைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "யம்மா, அயுவாத. மாமா நம்ம போட்ட கட்டி இஸ்துகினு வர்றாரும்மா" என்றேன்.

அரை மணி நேரத்தில் அப்படியேதான் வந்தது. மாமா போட்டுக்குப் பின்னால் கயிற்றில், இன்ஜின் நின்றுபோன எங்கள் போட்டு... அதில் அப்பா, நனைந்த லுங்கியோடு, ஒன்றுமே நடக்காதது மாதிரி. போன உயிர் திரும்பி வந்தது எங்களுக்கு.

இப்போது போட்டில் வயர்லெஸ், வழி காட்டும் கருவி எல்லாம் வந்துவிட்டது. கரையில் அந்த மாதிரி காத்துக் கிடப்பதும் குறைந்துவிட்டது. நல்லதுதான். அக்காவுக்கு இருப்பது ஆட்டிசம் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பதுதான். அது தெரிந்தும் பாதிப் பேச்சிலேயே அழ ஆரம்பித்துவிட்டோம்.

இன்றைக்கு அக்கா பேச ஆரம்பித்தால் வீட்டில் டிவியை அணைத்துவிடுவோம். ரிமோட்டை முதலில் எடுப்பது அப்பாதான். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் ஒருத்தரும் குறுக்கே பேசுவதில்லை.