டீச்சரம்மா பேசிய பேச்சு

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். தாலி கட்டிய கணவரே அப்படித்தான் கூப்பிடுவார். "சிஸ்டர், இந்த நோயாளிக்கும் கொஞ்சம் டீ கிடைக்குமா?" என்று அடுப்படி வாசலில் நின்று கேலி செய்வார். சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது. அதனால்தான், பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த தலைமையாசிரியை ஒருவரைப் பார்த்துக்கொள்ளக் கேட்டபோது உடனே தலையாட்டிவிட்டாள்.

தெருவே டீச்சரம்மா என்று அழைத்த அந்த அம்மாளுக்கு ஒரே மகன். கடல் கடந்து வேலை. செல்பேசியில் முகம் காட்டி, "அக்கா, நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியாத் தூங்குறேன்" என்பான்.

பள்ளிக்கூடத்தையே ஒரு அதட்டலில் அடக்கிய வாய் கோணி, எச்சில் வடியக் கிடந்தது. சிஸ்டர் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள். புரையேறாமல் கஞ்சியைக் கெட்டியாகக் குழைத்து ஊட்டினாள். முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து, "நாக்கை நீட்டுங்க டீச்சரம்மா. இன்னும். இப்ப இந்தப் பக்கம்" என்று பாடம் நடத்தினாள். "தண்ணி" என்று முதல் சொல் வந்தபோது கையிலிருந்த துண்டை வீசிவிட்டுக் குழந்தை மாதிரி கைதட்டினாள்.

அவளுடைய மகளுக்குப் பிரசவ வலி எடுத்த நாளில் டீச்சரம்மாவுக்குச் சளி கட்டி மூச்சிழுத்துக்கொண்டிருந்தது. விட்டுப்போக மனம் வரவில்லை. பேத்தியைச் செல்பேசியில்தான் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் ஓடுவ. எனக்கு மட்டும் போன்லயாம்மா?" என்று மகள் கேட்டது சுருக்கென்று தைத்தது.

மகன் விடுப்பில் வந்தான். சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சரம்மாவுக்குத் தலைவாரி, நாற்காலியில் உட்காரவைத்து, "அம்மா இப்பக் கோர்வையாப் பேசுறாங்க, கேளுங்க தம்பி" என்றாள்.

டீச்சரம்மா மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இவ என்னை அடிக்கிறா. என்னை உன்கூடக் கூட்டிட்டுப் போ."

ஏதோ விளையாட்டென்று நினைத்து சிஸ்டர் சிரித்தேவிட்டாள். மகன் அம்மாவின் சட்டைக் கையை மேலேற்றினான். தோளுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது.

"அது ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரையால தம்பி. லேசாப் பிடிச்சுத் தூக்கினாலே கன்னிப்போயிடும். டாக்டரைக் கேளுங்க."

"அப்ப எங்கம்மா பொய் சொல்றாங்களா?"

"டீச்சரம்மா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. நானா அடிச்சேன்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் சிஸ்டருக்கு விளங்கியது. நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னால் மகன் நிம்மதியாக விமானம் ஏறிவிடுவான்.

"போலீசுக்குப் போகலன்னு சந்தோஷப்படுங்க" என்று மகன் வாசலைக் காட்டினான்.

நேற்றுவரை நலம் விசாரித்த மருந்துக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "நான் போய் நாலு வார்த்தை கேக்கிறேன்."

"வேணாங்க. அந்தம்மாவே வாயால சொன்னப்புறம் யாரைப் போய்க் கேப்பீங்க?"

மகன் அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுத் தனியாகத்தான் போனான். சில மாதம் கழித்து அங்கிருந்த ஆயா போன் செய்தாள்: "உங்களையே கேட்டு அழுறாங்க சிஸ்டர்." மனசு கேட்காமல் போனாள்.

டீச்சரம்மா உதடு வெடித்து, பாதியாக இளைத்திருந்தார். "மன்னிச்சுடும்மா. அப்படிச் சொன்னா கூட்டிட்டுப் போவான்னு நெனச்சேன்."

"உங்க பையன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டீங்களா?"

டீச்சரம்மா இல்லையென்று தலையசைத்தார்.

"சொன்னா கோவிச்சுக்குவான். அப்புறம் போன்கூடப் பண்ண மாட்டான்."

சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"போறேன்" என்றாள்.